சார்ஜனுக்கு முதல் இலை

கோலா சாவாவை ஒட்டிய அந்தச் செம்பனைத் தோட்டத்தில் பெண்களைப் போற்றுவதில் யாரும் குறை வைத்ததில்லை. ஆண்டுதோறும் ஆகஸ்டு இருபத்தைந்தாம் தேதி, மலேசிய மகளிர் தினத்தன்று, முனியாண்டி கோயில் மண்டபத்தில் ஆண்கள் எல்லாரும் கூடி வாய் வலிக்கப் பெண்ணைப் புகழ்வார்கள். பெண் ஒரு தெய்வம், பெண் ஒரு நதி, பெண் ஒரு விளக்கு. போன வருடம் முருகையா ஒரு படி மேலே போய், "பெண் ஒரு செம்பனை மரம், வெட்ட வெட்டக் குலை தள்ளும்" என்று சொல்லிக் கைத்தட்டல் வாங்கினார். கைத்தட்டியது முழுக்க ஆண்கள்தான். பெண்களுக்கு அது காதில் விழவில்லை. அவர்கள் மண்டபத்துக்குப் பின்னால், தகரக் கொட்டகையில், புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு வடை சுட்டுக்கொண்டிருந்தார்கள்.

லோகேஸ்வரி இந்தத் தோட்டத்துக்கு மருமகளாக வந்த முதல் வருடமே தன் மாமியார் ராக்கம்மாவிடம் கேட்டாள்.

"அத்தை, இன்னைக்கு நம்ம நாள்தானே? அப்புறம் நாம ஏன் சமைக்கிறோம்?"

"நல்லா கேட்ட போ. நமக்காக விழா எடுக்கிறவங்கள பட்டினியா அனுப்புறதா?" என்றாள் ராக்கம்மா. அதில் கேலி இருந்ததா இல்லையா என்று லோகேஸ்வரியால் கண்டுபிடிக்க முடியவில்லை. ராக்கம்மாவின் முகம் அப்படி. அடுப்புக்கு முன்னால் நின்று நின்று அதில் எல்லா உணர்ச்சியும் ஒரே பதத்தில் வெந்து போயிருந்தது.

சாப்பாட்டிலும் ஒரு வரிசை இருந்தது. முனியாண்டிக்குக் காவல் நாய் உண்டல்லவா? அதனால் படையல் முடிந்ததும் முதல் இலை நாய்க்கு. கோயில் வாசலில் இலை விரித்து, சோறும் கறியும் வைத்து, நாய் வாய் வைத்த பிறகுதான் மனிதர்கள் கை வைக்க வேண்டும். இது அந்தத் தோட்டத்தின் மாறாத முறை. நாய்க்குப் பிறகு ஆண்கள். பிறகு பிள்ளைகள். பிறகு தாமதமாக வந்த ஆண்கள். கடைசியாகப் பெண்கள். அவர்கள் முறை வரும்போது கோழிப் பிரட்டலில் கோழி இருக்காது, பிரட்டல் மட்டும் இருக்கும்.

லோகேஸ்வரி சிரம்பானில் ஒரு கால்நடை கிளினிக்கில் வேலை பார்க்கிறாள். நாயின் மேல் அவளுக்கு எந்தப் பொறாமையும் கிடையாது. ஆனாலும் மகளிர் தினத்தில் நாய் முதலாவதாகவும் மகளிர் கடைசியாகவும் சாப்பிடுவதைப் பார்த்தால் அவளுக்குச் சிரிப்பு வந்தது. சில வருடம் சிரிப்பு வரவில்லை.

வீட்டிலும் அதே வரிசைதான். மாமனார் நல்லசாமியும் கணவன் வசந்தனும் முன்கூடத்தில் முதலில் சாப்பிடுவார்கள். நல்லசாமி ஒரு காலத்தில் மண்டோராக, அதாவது கங்காணியாக, இருந்து அந்தத் தோட்டத்து ஆட்களை எல்லாம் வேலை வாங்கியவர். ஓய்வு பெற்ற பிறகு வேலை வாங்க ஆள் இல்லாமல் தவித்து, மண்டபக் குழுத் தலைவரானார். மகன் தன் எதிரில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், மருமகள் உள்ளே இருக்க வேண்டும். அதுதான் குடும்பம் என்பது அவர் கணக்கு.

வசந்தன் போர்டிக்சனில் ஏர்கோன் பழுது பார்க்கிறவன். நல்லவன், பெண்டாட்டி மேல் உயிர். ஆனால் அப்பா இருமினால்கூட எழுந்து நிற்பான். இந்த இரண்டு குணத்துக்கும் நடுவே அவன் கண்டுபிடித்த வழி ஒன்று உண்டு. முன்கூடத்தில் அப்பாவோடு அரை வயிறு சாப்பிடுவான். "தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்று சமையலறைக்குப் போவான். அங்கே பின்வாசல் படியில் தட்டோடு உட்கார்ந்திருக்கும் லோகேஸ்வரியின் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து, அவள் தட்டிலிருந்தே மீதி அரை வயிற்றை நிரப்பிக்கொள்வான். ராக்கம்மா அந்த நேரம் பார்த்துத் துணி எடுக்கப் போய்விடுவாள், காயாத துணியாக இருந்தாலும்.

படிக்குக் கீழே மூன்றாவதாக ஒருவன் உட்கார்ந்திருப்பான். சார்ஜன். போர்டிக்சன் ராணுவ முகாம் பக்கத்திலிருந்து குட்டியாக வந்த கறுப்பு நாய். அதன் அப்பா ராணுவத்தில் வேலை பார்த்ததாக நல்லசாமி சொல்லுவார், அதனால்தான் சார்ஜென்ட் என்று அர்த்தமாகும் அந்தப் பெயர். சரிபார்க்க வழியில்லை. ஊரில் அதற்கு 'மண்டோர் நாய்' என்று பெயர். முருகையா வீட்டில் இருப்பது முருகையா நாய், பூசாரி வீரமுத்து வீட்டில் இருப்பது பூசாரி நாய். எந்த நாயும் எந்தப் பெண்ணின் பெயரிலும் இல்லை. ஆனால் சார்ஜனுக்கு நல்லசாமி ஒரு பிடி சோறு போட்டதாக வரலாறே கிடையாது. லோகேஸ்வரி தன் தட்டோடு உட்காரும்போதுதான் அதன் தட்டிலும் சோறு விழும். அவள் ஒரு வாய் வைத்தால் அது ஒரு வாய் வைக்கும்.

இப்படியே நாலு வருடம் ஓடியது. திருட்டுச் சோறு ருசிதான். ஆனால் கல்யாணப் பந்தியில் சேர்ந்து உட்கார்ந்ததற்குப் பிறகு நாலு பேர் பார்க்கத் தன் கணவனோடு ஒரு இலையில்கூட உட்கார்ந்ததில்லை என்பது லோகேஸ்வரிக்கு உறுத்த ஆரம்பித்தது. கட்டின புருஷனைக் கள்ளக் காதலன் மாதிரி பின்வாசலில் வைத்துச் சோறு ஊட்டுவது எந்த ஊர் நியாயம்?

ஆகஸ்டு பிறந்ததும், வசந்தன் மோட்டர் சைக்கிளை நிறுத்தி இறங்கும்போதே சொல்லிவிட்டாள்.

"இந்த வருஷம் மகளிர் தினப் பந்தியில நீங்க எம்பக்கத்துல உக்காந்து சாப்பிடணும்."

"பாக்கலாம்லா."

"பாக்கலாம் கீக்கலாம்லாம் இல்ல. உங்கப்பா பாக்கணும். ஊரே பாக்கணும்."

"லோகா, அப்பாகிட்ட நான் எப்படி..."

"அது உங்க பாடு. உக்காரலன்னா அதுக்கப்புறம் குசினிப் பக்கம் வராதீங்க. அரை வயித்தோட போய் படுங்க."

வசந்தன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.  குசினிக்கு அவன் போவது சோற்றுக்காக மட்டுமில்லை. அந்தப் பின்வாசல் படியில்தான் அவன் நாள் முழுக்க அடக்கி வைத்த பேச்சு, சிரிப்பு, எல்லாம் வெளியே வரும். அந்தப் படி போய்விட்டால் அவனுக்கு அந்த வீட்டில் அப்பாவைத் தவிர வேறு துணை இல்லை.

இந்த நிலைமையில்தான் நாய் தினம் வந்தது. கிளினிக்கில் ஆகஸ்டு இருபத்தாறு உலக நாய்கள் தினம் என்று வண்ணத் தாள் ஒட்டியிருந்தார்கள். அதை லோகேஸ்வரி வீட்டில் வாய்தவறிச் சொல்ல, நல்லசாமிக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"நாய்க்குக்கூட ஒரு நாளா? வச்சிடலாம்லா! சார்ஜனுக்கு மாலை போடலாம்!"

இருபத்தைந்து ஞாயிறு, இருபத்தாறு திங்கள். திங்கள் எல்லாருக்கும் வேலை. அதனால் மகளிரையும் நாய்களையும் ஞாயிற்றுக்கிழமையே சேர்த்துக் கொண்டாடிவிடலாம் என்று குழு ஒருமனதாக முடிவு செய்தது. குழுவில் மகளிர் யாரும் இல்லை. நாய்களும் இல்லைதான், ஆனால் நாய்களுக்காகப் பேச ஆள் இருந்தது.

"இந்த வருஷம் புதுசா ஒண்ணு செய்றோம்," என்று நல்லசாமி முன்கூடத்தில் முருகையாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "வாசல்ல ஒரு இலை, அதுக்கு ஏதோ ஒரு தெருநாய்ன்னு இல்லாம, எல்லா நாயும் மண்டபத்துலயே சாப்பிடட்டும். நாய வளக்கிறவங்க அவங்கவங்க நாயோட முதல் பந்தியில உக்காரட்டும். மத்தவங்க பரிமாறணும்."

சமையலறையிலிருந்து லோகேஸ்வரி எட்டிப் பார்த்தாள். "மாமா, வளக்கிறது பொம்பளையா இருந்தா?"

நல்லசாமி அட்டகாசமாகச் சிரித்தார். "யாரா இருந்தா என்னாம்மா? நாய வளக்கிறவங்களுக்குத்தான் முதல் பந்தி. நான் சொன்னா சொன்னதுதான்."

அவர் தைரியமாகச் சொன்னார். அவருக்குத் தெரிந்து அந்தத் தோட்டத்தில் பெண்கள் யாரும் நாய் வளர்க்கவில்லை.

"அப்ப நான் சார்ஜனோட..."

"சார்ஜன் எங்கூட உக்காரும்மா. உனக்கு அங்க வேலை கெடக்கும்ல, கோழி நெறைய வருது."

லோகேஸ்வரி வசந்தனைப் பார்த்தாள். அவன் மேலே சுற்றும் காற்றாடியைப் பழுது பார்க்கிறவன் போலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

விழா நாளில் மண்டப வாசலில் பெரிய பதாகை தொங்கியது. 'மகளிர் மற்றும் நாய்கள் தின விழா. அனைவரும் வருக.' ஒரு பக்கம் கைகூப்பிய பெண், மறுபக்கம் சார்ஜன். சார்ஜன் கொஞ்சம் பெரிதாக இருந்தது. நினைவுப் பரிசாகப் பெண்களுக்கு ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் கிண்ணம், நாய்களுக்கும் ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் கிண்ணம். ஒரே கடை, ஒரே அளவு. பெண்களுக்குச் சிவப்பு, நாய்களுக்கு நீலம்.

"நீலம் நல்லாருக்கே, மாத்திக் குடுப்பாங்களா?" என்றாள் முருகையாவின் மனைவி தனலெட்சுமி, வெங்காயம் உரித்துக்கொண்டே.

"அதுக்கு வாலு வேணும்," என்றாள் ராக்கம்மா.

மண்டபத்துக்குள் மைக் அலறியது. நல்லசாமியின் குரல். "நன்றின்னா நாய்! பொறுமைன்னா பெண்! ரெண்டும் வீட்டைக் காக்குது! ரெண்டும் கேள்வி கேக்காது!"

"நம்மள முதல்ல சொன்னாரா, நாய முதல்ல சொன்னாரா?"

"நாயத்தான்," என்றாள் ராக்கம்மா.

"நெனச்சேன்," என்று தனலெட்சுமி அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

லோகேஸ்வரி கோழியைக் கிளறியபடி மண்டபத்துக்குள் போகும் வழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வசந்தன் இரண்டு தடவை அந்தப் பக்கம் வந்தான். ஒரு தடவை உப்பு கேட்டான். ஒரு தடவை எதையும் கேட்காமல் நின்றுவிட்டுப் போனான்.

படையல் முடிந்தது. பாய் விரித்து, வரிசையாக வாழையிலை போட்டு, நாய் வளர்ப்போர் பெருமையோடு வந்து அமர்ந்தார்கள். ஒவ்வொருவர் பக்கத்திலும் கழுத்தில் மாலையோடு ஒரு நாய், அதற்கும் ஓர் இலை. பார்க்க அழகாகத்தான் இருந்தது. சோறு விழுந்தது, கறி விழுந்தது. மண்டபமே சார்ஜனைப் பார்த்தது.

சார்ஜன் இலையைப் பார்த்தது. நல்லசாமியைப் பார்த்தது. பிறகு கொட்டகைப் பக்கம் பார்த்தது.

"சாப்பிடு சார்ஜன்," என்றார் நல்லசாமி.

சார்ஜன் கொட்டாவி விட்டது.

"மாக்கான்!" என்று அதையே மலாயில் சொல்லி அதட்டினார், ராணுவப் பரம்பரை ஆயிற்றே என்று. சார்ஜன் எழுந்தது, மாலையை ஒரு உதறு உதறியது, நேராகக் கொட்டகைக்கு நடந்தது. சார்ஜனே நடந்துவிட்ட பிறகு மற்றவை சும்மா இருக்குமா? முருகையா தன் நாயின் கயிற்றை இழுத்தார். அது அவரைப் பார்த்து, யாரோ முன்பின் தெரியாதவன் கையைப் பிடித்தது மாதிரி உறுமியது. அவர் விட்டுவிட்டார். ஒரு நிமிடத்தில் முதல் பந்தியில் நாய் வளர்ப்போர் மட்டும் இருந்தார்கள். நாய்கள் எல்லாம் கொட்டகையில் அதனதன் வீட்டுப் பெண்ணின் காலடியில் இருந்தன.

ஆண்களில் ஒருவர் மெதுவாகச் சோற்றில் கை வைத்தார்.

"கை எடு!" என்று பூசாரி வீரமுத்து எழுந்தே விட்டார். "மாலை போட்ட நாய் வாய் வைக்காம மனுசன் கை வைக்கிறதா? முனியாண்டிகிட்ட யாரு பதில் சொல்றது?"

நாய்களைத் தூக்கி வந்தார்கள். அவை மறுபடி போயின. மறுபடி தூக்கி வந்தார்கள். சோறு ஆறியது. பிள்ளைகள் அழுதன. கடைசியில் நல்லசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கொட்டகைக்கே வந்தார்.

"மருமகளே, கொஞ்சம் வந்து நில்லும்மா. உன்னப் பாத்தா சாப்பிடும்போல."

லோகேஸ்வரி கையைத் துடைத்துக்கொண்டு போய் இலைக்குப் பக்கத்தில் நின்றாள். சார்ஜன் ஓடி வந்து உட்கார்ந்தது. வாலை ஆட்டியது. அவள் முகத்தையே பார்த்தது. சாப்பிடவில்லை.

"இன்னும் என்னா வேணும்லா இதுக்கு?" என்றார் நல்லசாமி.

"நான் நின்னா அது சாப்பிடாது மாமா," என்றாள் லோகேஸ்வரி. "நாங்க பொம்பளைங்க கடைசியாத்தானே சாப்பிடுவோம், பின்வாசல்ல. அப்பதான் அதுக்கும் சோறு. நான் உக்காந்து ஒரு வாய் வச்சாத்தான் அது வாய் வைக்கும். அப்படியே பழகிப் போச்சு."

"எங்க வீட்டுலயும் அதான்," என்றாள் தனலெட்சுமி கொட்டகையிலிருந்து. "எனக்கு முன்னால அது தொடாது. இவரு மாதிரி இல்ல."

மண்டபம் யோசித்தது. நாய் சாப்பிடாமல் ஆண்கள் சாப்பிட முடியாது. பெண்கள் சாப்பிடாமல் நாய் சாப்பிடாது. பூசாரி நெற்றியைச் சொறிந்தார். பசி மற்ற எல்லாரையும்விட வேகமாகக் கணக்குப் போட்டது.

"எந்திரிங்கப்பா," என்றார் பூசாரி. "அவங்கள உக்கார விடுங்க."

நல்லசாமி வாயைத் திறந்தார். நாய வளக்கிறவங்களுக்குத்தான் முதல் பந்தி என்று அவரே சொன்னது நினைவுக்கு வந்ததோ என்னவோ, மூடிக்கொண்டார்.

பெண்கள் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள். முதல் பந்தியில் உட்கார்ந்து பழக்கமில்லாததால் சிலர் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். லோகேஸ்வரியின் இடது பக்கம் சார்ஜன். வலது பக்கத்துப் பாயில் இலையோடு ஓர் ஆள் இடம் காலியாக இருந்தது. ராக்கம்மா அதைத் தாண்டி அடுத்த இலையில் போய் உட்கார்ந்தாள், அந்த இடத்தைக் கவனிக்காத மாதிரி.

லோகேஸ்வரி முதல் வாய் வைத்தாள். சார்ஜன் இலையில் மூக்கைப் புதைத்தது. வரிசை முழுக்கச் சளப் சளப் என்று சத்தம் எழும்பியது. ஆண்கள் பெருமூச்சு விட்டார்கள்.

"நின்னுகிட்டு இருந்தா ஆச்சா? சாம்பார் எடுடா," என்று நல்லசாமி ஒரு வாளியை வசந்தன் கையில் திணித்தார்.

வசந்தன் வரிசையின் கோடியிலிருந்து ஊற்றிக்கொண்டே வந்தான். தனலெட்சுமிக்கு ஊற்றினான். அம்மாவுக்கு ஊற்றினான். காலி இடத்தைத் தாண்டி லோகேஸ்வரியின் இலைக்கு முன்னால் குனிந்தான். அவள் இலையின் மேல் கையை விரித்து மறைத்தாள். தலை நிமிரவில்லை. அந்தக் கையில் மஞ்சளும் மிளகாயும் காய்ந்திருந்தன, அவன் தினமும் சோறு எடுத்துத் தின்னும் கை.

வசந்தன் ஒரு இலை தாண்டிப் போனான். இரண்டு இலை தாண்டினான். நின்றான். திரும்பி வந்து வாளியை அப்பாவின் காலடியில் வைத்தான். வேட்டியைச் சரிசெய்துகொண்டு, காலி இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

பரிமாறிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் அப்படியே நின்றார்கள்.

"டேய்," என்றார் நல்லசாமி. "இது நாய் வளக்கிறவங்க பந்திடா."

"தெரியும்ப்பா." வசந்தன் இலையைப் பார்த்தபடியே சொன்னான். "நாயும் உக்கார்ற பந்திதானே? எனக்குச் சோறு போடறது லோகாதான். அரை வயிறு உங்க முன்னால, அரை வயிறு அவ தட்டுல. நாலு வருஷமா. பின்வாசல்ல சார்ஜனுக்கு அடுத்த ஆளு நான்தான்பா. நீங்க சொன்ன முறைப்படியே உக்காந்திருக்கேன்."

 பிறகு தனலெட்சுமி ஒரு சிரிப்புச் சிரித்தாள் பாருங்கள், அது மண்டபத்துத் தகரக் கூரை வரை போய்த் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு யாராலும் அடக்க முடியவில்லை.

"மானம் போச்சு," என்றார் நல்லசாமி. "ஊரு முன்னால தன்ன நாய்ங்கிறான் எம்புள்ள. ராக்கு, கேட்டியா இத?"

ராக்கம்மா சோற்றைப் பிசைந்தபடி நிமிர்ந்தாள். "கேட்டேன். அப்படிப் பாத்தா நானும் கல்யாணம் ஆன நாள்லேர்ந்து ஒண்ண வளக்கிறேன். ஒரு நாளும் வாலாட்டினதில்ல." ஒரு வாய் வைத்து மென்றாள். "சாம்பார்ல உப்பு பத்தல. போய் எடுத்துட்டு வாங்க."

அது அவளே வைத்த சாம்பார்.

நல்லசாமி சுற்றிலும் பார்த்தார். அவர் வேலை வாங்கிய ஆட்கள் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். அவர் குனிந்து வாளியை எடுத்து முருகையாவிடம் நீட்டினார். பிறகு, அடுப்புக்கு எந்தப் பக்கம் உப்பு இருக்கும் என்று தெரியாமல், கொட்டகைக்குள் போய் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்க்க ஆரம்பித்தார்.

லோகேஸ்வரி இலையிலிருந்து கையை எடுத்தாள். ஒரு கோழித் தொடையை வசந்தன் இலைக்கு நகர்த்தினாள், ஊரே பார்க்க. அவன் காதெல்லாம் சிவந்து, குனிந்த தலை நிமிராமல், பசித்தவன் போலச் சாப்பிட்டான். சாம்பார் சோறு, ரசச் சோறு, மோர்ச் சோறு. மறுசோறு கேட்டுக் கையை உயர்த்தியபோது அவள் அந்தக் கையைப் பிடித்து இறக்கினாள்.

"போதும். முழு வயிறும் இங்கயே ரொப்பிட்டா ராத்திரி குசினிக்கு எதுக்கு வருவீங்க?"

"வரலாமா?"

"அரை வயிறு மிச்சம் வச்சா வரலாம்," என்றாள் அவள்.

கொட்டகையிலிருந்து நல்லசாமியின் குரல் கேட்டது. "ராக்கு, கோழிச் சட்டியில வெறும் மசாலாதான் கெடக்கு! கறி எங்க?"

"கடைசிப் பந்திக்கு எப்பவும் அவ்வளவுதாங்க!" என்று வரிசை முழுக்க ஒரே குரலில் பதில் போனது. சார்ஜன் இலையிலிருந்து தலையைத் தூக்கி, அதுவும் சேர்ந்து ஒரு குரல் கொடுத்தது.